கழகத்தின் அறிக்கைப் புத்தகம்

இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்யும் கமக்காரர் ஆண்டுதோறும் ஒரு கூட்டத்தை எதிர்பார்த்திருப்பர். மாரி மழையால் குளத்தில் தேங்கிய நீர் எவ்வளவு, அதனைக்கொண்டு எத்தனை ஏக்கரில் நெல் விதைக்கலாம், முதல் நீர் திறப்பது எந்நாள், கடைசி நீர் விடுவது எந்நாள், ஆடுமாடுகளைக் கட்டிவைக்க வேண்டிய நாள் எது என்பனவெல்லாம் அக்கூட்டத்திலேதான் முடிவாகும். வாக்குவாதம் நிகழும், சிலவேளை குரல்களும் உயரும். ஆயினும் கூட்டம் கலைந்து எல்லோரும் வீடு சென்ற பின்னர் வாய்க்காலில் நீர் ஓடுவது பேச்சின்படியன்று, எழுத்தின்படியே. 1946ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் இத்தகைய பயிர்ச்செய்கைக் கூட்டங்களின் தீர்மானங்களுக்குச் சட்ட வலு அளித்துள்ளது. விதைப்பு முடிந்த வயலில் மாட்டை அவிழ்த்துவிட்டவர், அப்படி ஒரு முடிவு எடுக்கப்படவேயில்லை என்று பின்னர் வாதாட இயலாது.

ஆகவே, கூட்டத்தில் எடுத்த முடிவை எழுதிவைப்பதன் பயனை வன்னி மக்களுக்குப் புதிதாக எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கமக்காரரின் பிள்ளைகள் கூடி நடத்தும் இளைஞர் கழகத்தின் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் வேறொரு காட்சியே தென்படும். முதற் பத்துப் பக்கங்கள் அழகிய கையெழுத்தில் நிறைந்திருக்கும். அடுத்த ஐந்து பக்கங்களில் திகதி மட்டும் இருக்கும். அதன்பின் வெறுந்தாள்.

தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் 1979ஆம் ஆண்டின் 69ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்தது. அதன் ஆதரவில் நாடெங்கும் கிராமந்தோறும் இளைஞர் கழகங்கள் பதிவுசெய்யப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல. இவையன்றி, உள்ளூராட்சி மன்றத்தில் பதிவுபெற்ற சனசமூக நிலையங்களும் விளையாட்டுக் கழகங்களும் ஊர்தோறும் உள. பெயர் எதுவாயினும், பதிவு கோரும்போதும், வங்கியிற் கணக்குத் திறக்கும்போதும், உதவி வேண்டி விண்ணப்பிக்கும்போதும் கழகத்திடம் கேட்கப்படுவது ஒன்றே: இம்முடிவை எடுத்த கூட்டத்தின் அறிக்கை எங்கே? அவ்வேளையில்தான் பல செயலாளர்கள் ஒரே இரவில் ஓராண்டுக் கூட்டங்களையும் எழுதி முடிக்கின்றனர். ஒரே பேனா, ஒரே மை, ஒரே கை! இத்தகைய ஏட்டைக் கண்ட எந்த உத்தியோகத்தருக்கும் அதன் கதை விளங்கிவிடும்.

அறிக்கை என்பது யாது? கூட்டத்தில் ஒவ்வொருவரும் பேசியதையெல்லாம் பதிந்துவைக்கும் ஏடு அன்று அது. நாடகத்துக்கு உரையாடல் எழுதுவதுபோல் எழுதத் தொடங்கும் செயலாளர் மூன்றாம் கூட்டத்திலேயே களைத்துப்போவார். அறிக்கைக்கு வேண்டியது கழகம் என்ன தீர்மானித்தது, யார் செய்வது, எப்பொழுது செய்வது, எவ்வளவு செலவிடுவது என்பனவே. பேச்சு காற்றோடு போகலாம்; தீர்மானம் போகலாகாது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. ஒரு கிராமத்துக் கழகம் தன் விளையாட்டு மைதானத்துக்கு வேலி அடைப்பது பற்றிக் கூடிப் பேசுகின்றது. அறிக்கையில் பின்வருமாறு எழுதப்படுகின்றது: “மைதான வேலி சம்பந்தமாகப் பேசப்பட்டது. பலரும் தத்தம் கருத்துகளைத் தெரிவித்தனர். ஆவன செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது.” மூன்று வாக்கியங்களும் பிழையற்ற தமிழ். ஆயினும் அடுத்த மாதம் கூடும்போது வேலி அடைக்கப்படாதிருந்தால் யாரைக் கேட்பது? “ஆவன” என்பது எதனைக் குறிக்கும்? எவரும் பொறுப்பேற்கவில்லை, ஆதலால் எவரும் தவறவுமில்லை. “ஆவன செய்தல்” என்னும் தொடரைப் போலக் கழகங்களைக் கெடுத்த தொடர் பிறிதொன்று இருத்தல் அரிது.

அதே முடிவை இவ்வாறு எழுதலாம்: “மைதானத்தின் வடக்கு எல்லை முழுவதும் கிளுவைக் கதியால் நாட்டி மூன்று வரி முட்கம்பி அடிப்பதெனத் தீர்மானிக்கப்பட்டது. கதியால்களை உறுப்பினர் தத்தம் வளவுகளிலிருந்து தருவர். முட்கம்பிக்கான செலவு 25,000 ரூபாவுக்கு மேற்படலாகாது. பொருளாளரும் செயற்குழு உறுப்பினர் இருவரும் இதற்குப் பொறுப்பு. தைப்பொங்கலுக்கு முன்னர் வேலை முடிதல் வேண்டும்.” இதன்கீழ்ப் பொறுப்பேற்ற மூவரின் பெயரும், பிரேரித்தவர் பெயரும், ஆமோதித்தவர் பெயரும் வரும். வாக்கெடுப்பு நிகழ்ந்திருப்பின் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை, வாக்களியாதார் எத்தனை என்பதும் வரும். முன்னையதைவிட இது சில வரிகளே மிகுதி. ஆனால் அடுத்த கூட்டத்தின் பாதி வேலை இதனுள் அடங்கிவிடுகின்றது. சென்ற அறிக்கையை வாசித்த மாத்திரத்தில் கேட்கவேண்டிய கேள்வி தானே எழுந்து நிற்கும்.

கூட்ட நாள், தொடங்கிய நேரம், இடம், தலைமை வகித்தவர் பெயர் ஆகியவை தலைப்பில் வரவேண்டும் என்பதை எல்லோரும் அறிவர். வந்தோர் தம் கைப்படவே ஒப்பமிடுதல் நன்று. செயலாளர் பெயர்களை எழுதிக்கொடுப்பது போதாது. கழகத்தின் யாப்பு விதித்த கூட்ட நடப்பெண், அதாவது கோரம், இருந்ததா என்பதையும் குறிக்க வேண்டும். எண் போதாமல் எடுத்த தீர்மானம் பின்னர் எவராலும் தகர்க்கப்படலாம். இறைவணக்கம், தலைவர் உரை, நன்றியுரை ஆகியவற்றுக்கு ஒவ்வொரு வரி போதும். பல அறிக்கைகளில் இவை மூன்றுமே ஒரு பக்கத்தை நிரப்பிவிடுகின்றன. ஈற்றிலே “கூட்டம் இனிதே நிறைவுற்றது” என்ற வரி தவறாமல் இருக்கும். கூட்டம் கதிரைகளைத் தூக்கும் அளவுக்குப் போயிருப்பினும் அறிக்கை மட்டும் இனிதே நிறைவுறும்!

மாறுபட்ட கருத்தைப் பதிவதில்தான் செயலாளரின் நேர்மை வெளிப்படும். பெரும்பான்மையினர் ஒரு முடிவுக்கு வந்தபின், மாறாக நின்ற ஒருவர் தம் எதிர்ப்பைப் பதியுமாறு கேட்டால் அதனைப் பதிதல் வேண்டும். அவர் கூறியது பின்னர் சரியாகவும் அமையலாம். இழப்பு நேர்ந்தால் அப்பொறுப்பு அவரைச் சாராது என்பதற்கும் அவ்வரியே சான்றாகும். இதனுடன் சேர்த்து எண்ணவேண்டிய வேறொரு குறையும் உண்டு. கையெழுத்து அழகாயிருக்கின்றது என்று ஒரு பெண்பிள்ளையிடம் அறிக்கைப் புத்தகத்தை ஒப்படைத்துவிடுவர். அவள் சொன்ன யோசனை ஏற்கப்படும். ஆனால் பிரேரித்தவர் என்ற இடத்தில் வேறொருவர் பெயரை அவளே எழுதவேண்டி நேரும். எழுதுபவளுக்கும் பேச்சுரிமையும் வாக்குரிமையும் உண்டு. அவள் பிரேரிக்கும் வேளையில் மற்றொருவர் பேனாவைப் பிடிக்கலாம்.

புத்தகத்தின் தன்மையும் கவனிக்கத்தக்கது. தனித்தாள்களைக் கோத்த கோப்பு அறிக்கைக்கு உதவாது. ஒரு தாளை உருவிவிட்டு வேறொன்றைச் செருக எவராலும் முடியும். கடைகளிற் கிடைக்கும் கெட்டி அட்டைச் சீ. ஆர். கொப்பியே போதியது. முதல் நாளிலேயே அதன் எல்லாப் பக்கங்களுக்கும் இலக்கமிட்டு, மொத்தப் பக்கங்கள் இத்தனை என்று முன்பக்கத்தில் எழுதித் தலைவரும் செயலாளரும் ஒப்பமிட வேண்டும். பிழை நேர்ந்தால் சுரண்டுவதோ வெள்ளை மை பூசுவதோ கூடாது. பழைய சொல் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கோடு கிழித்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் சிறு ஒப்பம் இடுதலே முறை. ஓர் அறிக்கைக்கும் அடுத்ததற்கும் இடையில் வெற்றிடம் விடலாகாது. விட்ட இடத்தை நிரப்ப ஒரு நாள் ஒருவர் வருவார். அடுத்த கூட்டத்தில் அறிக்கை வாசிக்கப்பட்டு, திருத்தம் உண்டாயின் திருத்தப்பட்டு, ஏற்றுக்கொள்ளப்பட்டுத் தலைவரின் ஒப்பமும் திகதியும் பெற்ற பின்னரே அது கழகத்தின் அறிக்கை ஆகும். அதுவரை அது செயலாளரின் குறிப்பு மட்டுமே.

பழைய சங்கங்களின் ஏடுகளில் அக்கிராசனர், காரியதரிசி, தனாதிகாரி என்னும் பெயர்களைக் காணலாம். இன்று தலைவர், செயலாளர், பொருளாளர் என்கின்றனர். பெயர் மாறினும் தனாதிகாரியின் தலைவலி மாறவில்லை. பணம் வந்தால் இலக்கமிட்ட பற்றுச்சீட்டு. பணம் போனால் கடைச் சிட்டை. இரண்டும் அன்றன்றே காசேட்டில். இவ்வளவே அதன் இலக்கணம். சிக்கல் தோன்றுவது பெரும்பாலும் அயலூர்ப் பணத்தால். கனடாவிலோ சுவிற்சர்லாந்திலோ வாழும் ஊரவர் ஒருவர் பந்து வாங்கவும் கட்டடத்துக்குக் கூரை போடவும் பணம் அனுப்புகின்றார். அது கழகத்தின் கணக்குக்கு வராமல் ஓர் உறுப்பினரின் தனிக் கணக்குக்கு வருகின்றது. வந்தது எவ்வளவு, எந்நாள் வந்தது, எவர் மூலம் வந்தது, எதற்கென்று வந்தது என்பவற்றை அடுத்த கூட்டத்திலேயே அறிக்கையிற் சேர்த்து, அனுப்பியவருக்குப் பற்றுச்சீட்டின் படியையும் அனுப்பிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அவ்வாறு செய்யாமல் நற்பெயரை இழந்தோரிற் பலர் ஒரு சதமும் எடுக்காதவரே என்பதுதான் இதில் வருந்தத்தக்கது.

கணக்குக் காட்டுதல் தமிழரிடையே நேற்றுத் தோன்றிய வழக்கமன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் கோயிற் சுவரிலே உள. கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை எனக் கொள்ளப்படும் அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை மூலம் உறுப்பினரைத் தேரும் விதிகளைக் கூறுகின்றன. யாருடைய பெயரைக் குடத்தில் இடலாகாது என்ற பட்டியலில், முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் இடம்பெறுகின்றார். அவர் மட்டுமா? அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்படுகின்றனர். இன்றைய கழகம் எதுவும் அவ்வளவு கடுமையாக நடக்க வேண்டியதில்லை. எனினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரார் இதனைக் கல்லிலே வெட்டிவைக்க வேண்டிய அளவுக்குத் தொல்லைப்பட்டிருக்கின்றனர் என்பது தெளிவு.

அறிக்கைப் புத்தகம், காசேடு ஆகியவற்றோடு உறுப்பினர் இடாப்பு, பொருட்பதிவேடு, கடிதக் கோவை என்னும் மூன்றும் இருந்தால் ஒரு கிராமக் கழகத்துக்குப் போதும். பொருட்பதிவேட்டில் வலை, பந்து, கதிரை, ஒலிபெருக்கி எல்லாம் வந்த நாளும் விலையும் இரவல் போன வீடும் குறிக்கப்பட வேண்டும். கதிரைகள் கலியாண வீடுகளிலிருந்து திரும்பிவராமல் இருப்பது ஊர்களுக்கு இயல்பு.

வன்னியைப் பொறுத்தவரை இவ்வேடுகளுக்கு வேறெங்கும் இல்லாத ஒரு சுமையும் உண்டு. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் கடற்கோள் முல்லைத்தீவுக் கரையைத் துடைத்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் ஊர்கள் முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாயின. போரின் முடிவில் உயிர்தப்பிய இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் வைக்கப்பட்டனர். மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேயே. ஓடும்போது பொலித்தீன் பையில் சுற்றி எடுத்துச் சென்றவை பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணிப் பத்திரம் போன்றவையே. அவையும் பலருக்குத் தங்கவில்லை. அந்நிலையில் ஒரு கழகத்தின் அறிக்கைப் புத்தகத்தை எவர் சுமந்திருப்பார்? சுமக்காதவரைக் குறைகூறவும் எவருக்கு வாய் வரும்?

ஆனால் ஊர் திரும்பியபோது அந்த இழப்பின் அளவு தெரியவந்தது. பற்றை மூடிக்கிடந்த நிலத்தில் மைதானம் எங்கே முடிந்தது, அயல் வளவு எங்கே தொடங்கியது? வாசிகசாலை இருந்த துண்டுக் காணியை யார் கொடுத்தார்? நன்கொடையா, இரவலா? கொடுத்தவரும் இல்லை, பெற்ற தலைவரும் இல்லை. வன்னியின் குடியேற்றக் காணிகளிற் பெரும்பங்கு அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவையும் பல. அறிக்கைப் புத்தகம் காணி உறுதிக்கு ஈடாகாது என்பது உண்மையே. எனினும் இன்ன ஆண்டிலிருந்து இன்ன நிலத்தை இவ்வூர்ப் பிள்ளைகள் துப்புரவு செய்தும் வேலியடைத்தும் பயன்படுத்தினர் என்பதற்கு, ஆண்டுகள் தொடர்ந்து ஒப்பமிடப்பட்ட பக்கங்களைப் போன்ற சான்று எளிதிற் கிட்டாது.

இதனால்தான் அறிக்கையை அடுத்த மாதம் வாசிக்கப்போகும் உறுப்பினருக்காக மட்டும் எழுதலாகாது. முப்பது ஆண்டுகளின் பின்னர் அதனைத் திறக்கும் அந்நியருக்காகவும் எழுத வேண்டும். “மாமரத்தடிக் காணி” என்றால் இன்று ஊருக்கே தெரியும்; மரம் விழுந்தபின் எவருக்குத் தெரியும்? கிராம அலுவலர் பிரிவு, பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம் என்பவை முழுமையாக வரவேண்டும். மாவட்டம்கூட மாறும்: முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல், கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது 1984இல். ஆளின் பெயரையும் தலையெழுத்தோடு நிறுத்தாமல் தந்தை பெயரோடு எழுதுதல் நன்று. ஓரூரில் “சி. இராசா” நால்வர் இருப்பர்.

வன்னியின் பத்தொன்பதாம் நூற்றாண்டை அறிய விழைவோர் இன்றும் நாடுவது, இலங்கைக் குடியியற் சேவையிலிருந்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கையேட்டையே. குளங்களும் குடித்தொகையும் வழக்கங்களும் அதில் விரிவாக உள. ஆயினும் அது கச்சேரியிலிருந்து கிராமத்தை நோக்கிய பார்வை. அக்கிராமத்தவர் தாம் கூடியிருந்து என்ன தீர்மானித்தனர் என்பதை அவர்களே எழுதிவைத்த ஏடு கிடைத்திருப்பின் அக்கால வரலாறு வேறு வண்ணம் பெற்றிருக்கும்.

எழுதுவதன் பயனைக் கூறும்போது எழுதாமல் விடவேண்டியதையும் கூறாதிருத்தல் முறையன்று. இளைஞரின் பெயர்ப் பட்டியல் என்றாலே பெற்றோர் அஞ்சிய காலம் வன்னியில் இருந்தது. யார் கையில் அப்பட்டியல் சேரும், எதற்குப் பயன்படும் என்று அறியாத நிலையில் அவ்வச்சம் காரணமற்றதன்று. ஆகவே உறுப்பினர் இடாப்பில் கழகத்துக்குத் தேவையானவை மட்டும் இருத்தல் வேண்டும்: பெயர், முகவரி, வயது, சேர்ந்த நாள், சந்தா. ஒருவரின் குடும்பத்தில் யார் காணாமற்போனார், எவர் எந்த முகாமில் இருந்தார் என்பன போன்ற செய்திகளுக்குக் கழக ஏட்டில் இடமில்லை. ஓர் உறுப்பினரின் வறுமை கருதி உதவி செய்ய முடிவெடுத்தால், தொகையையும் தீர்மானத்தையும் எழுதலாம்; வறுமையின் விபரத்தை எழுத வேண்டியதில்லை. இடாப்பை எவரேனும் கேட்டால் அவர் யார், எதற்காகக் கேட்டார், கொடுப்பதெனச் செயற்குழு முடிவுசெய்ததா என்பது அறிக்கையில் வரவேண்டும்.

பழைய ஏட்டை இழந்த கழகம் என்செய்வது? பழைய திகதிகளை இட்டுப் புதிதாக எழுதுவது பொய்யாவணம். அதனை ஒருபோதும் செய்யலாகாது. நேர்மையான வழி உண்டு. புதிய புத்தகத்தின் முற்பக்கங்களில், இன்றைய திகதியிட்டு, “பழைய ஏடுகள் இன்ன ஆண்டில் இடப்பெயர்வின்போது இழக்கப்பட்டன, கீழ்வருவன மூத்த உறுப்பினரின் நினைவிலிருந்து எழுதப்பட்டன” என்று வெளிப்படையாகத் தொடங்கலாம். கழகம் தோன்றிய ஆண்டு, தலைவர்களாய் இருந்தோர், காணி வந்த வகை, கட்டடம் எழுந்த காலம் ஆகியவற்றை முதியோரிடம் தனித்தனியே கேட்டு, இருவர் கூற்று ஒத்திருந்தால் அவ்வாறும், மாறுபட்டால் இருவர் கூற்றையும் எழுதிக் கூறியவரின் ஒப்பம் பெற வேண்டும். கழகம் அனுப்பிய கடிதங்களின் மறுமுனை வேறிடத்தில் இருக்கலாம்: பிரதேச சபை, பாடசாலை, வங்கி, அயலூர்க் கழகம். வெளிநாடு சென்ற பழைய உறுப்பினரின் பெட்டியில் ஒரு விளையாட்டு விழா அழைப்பிதழோ பரிசளிப்புப் புகைப்படமோ இருக்கலாம். அவற்றின் படிகளையும் சேர்க்கலாம். 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் எனும் இணையவழி நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவருவதால், மலர்கள், ஆண்டறிக்கைகள் போன்றவற்றை அங்குத் தேடிப் பார்ப்பதும் பயன் தரும்.

இனி இழக்காதிருக்கும் வழி. போர் ஓய்ந்தாலும் கறையான் ஓயவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. ஓர் ஏடு ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அது ஒரே இரவில் அழியும். அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டு ஒப்பமிடப்பட்ட அன்றே, அப்பக்கங்களைக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துச் செயற்குழுவினர் எல்லோருக்கும் அனுப்பிவிடலாம்; இதற்குச் செலவும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்தபின் அவ்வாண்டின் ஒளிப்படி ஒன்றை எடுத்து, ஊரிலுள்ள பாடசாலையிலோ வேறொரு பொது நிறுவனத்திலோ ஒப்படைத்துப் பெற்றுக்கொண்டமைக்கு எழுத்து வாங்கலாம். புத்தகத்தை நிலத்திலிருந்து உயர்த்தி வைத்த தகரப் பெட்டியில், பொலித்தீன் உறையிட்டு வைத்தல் வேண்டும்.

செயலாளர் மாறும் நாளே ஏடுகள் மறையும் நாள். பழையவர் திருமணமாகி வேறூர் செல்வார். அல்லது கோபித்துக்கொண்டு விலகுவார். புத்தகம் அவர் வீட்டு அலுமாரியிலேயே தங்கிவிடும். ஆதலால் புதிய செயற்குழு தெரிவான அதே கூட்டத்தில், அதே மேசையில், கையளிப்பு நடைபெற வேண்டும். எத்தனை அறிக்கைப் புத்தகங்கள், அவற்றில் எழுதப்பட்ட கடைசிப் பக்கம் எது, காசேட்டின் மீதி எவ்வளவு, வங்கிப் புத்தகத்தின் மீதி எவ்வளவு, எழுதப்படாத பற்றுச்சீட்டுகள் எந்த இலக்கம் முதல் எந்த இலக்கம் வரை, முத்திரை யாரிடம், திறப்பு யாரிடம் என்பவற்றை வரிசையாக எழுதி, கொடுப்பவரும் பெறுபவரும் இரு சாட்சிகளும் ஒப்பமிட வேண்டும். பெறுபவர் ஒப்பமிடுமுன் பக்கங்களைத் தம் கையாலேயே எண்ணிப் பார்த்துக்கொள்வது நன்று. கொடுப்பவர் அதனைத் தம்மீது கொண்ட ஐயமென்று கருத வேண்டியதில்லை.